அத்லெதிக் பில்பாவோ: உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிளப் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

மேற்குக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயின் லீக் ஆட்டங்களை நான் பார்க்கத் தொடங்கியது, நம்மில் பலரைப் போலவே, பார்சிலோனாவுக்காகவும் ரியல் மாட்ரிட்டுக்காகவும்தான். ஆனால் 2024 ஏப்ரலில் அத்லெதிக் பில்பாவோ மன்னர் கோப்பையை வென்றபின் அதன் வீரர்கள் ஒரு சரக்குப் படகில் ஏறி நகரத்து ஆற்றில் ஊர்வலம் போனதையும், இரு கரைகளிலும் சிவப்பு வெள்ளைச் சட்டைகள் இடைவெளியின்றி நின்றதையும் காணொளியில் பார்த்ததிலிருந்து, என் கவனம் அந்தக் கிளப்பின் பக்கம் திரும்பிவிட்டது.

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு ஓரத்திலும் பரவியிருக்கும் பாஸ்க் நாட்டைச் சேர்ந்தவர்களை மட்டுமே இந்தக் கிளப் ஆட வைக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறக்கப்படாத மூன்று அணிகளில் இதுவும் ஒன்று என்று படித்தேன். மற்ற இரண்டும் பார்சிலோனாவும் மாட்ரிட்டும் என்னும்போது, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை வாங்கும் அவற்றோடு முப்பது லட்சம் பேர் வாழும் ஒரு சிறு நிலப்பகுதி எப்படி ஈடு கொடுக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுப்பாடு எப்போது, எதனால் வந்தது? இது தேசிய உணர்வா, வெறும் பழக்கமா, இல்லை இனப் பாகுபாட்டின் நாகரிகமான வடிவமா? விவரமாக எழுதக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் வரலாற்றுக்குள் போக வேண்டும்; அது சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பில்பாவோ ஓர் இரும்பு நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதைச் சுற்றியிருந்த மலைகளிலிருந்து வெட்டிய இரும்புத் தாது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. அதே கப்பல்களில் பிரிட்டிஷ் பொறியாளர்களும் மாலுமிகளும் தொழிலாளர்களும் வந்தார்கள், அவர்களோடு கால்பந்தும் வந்தது. நெர்வியோன் ஆற்றங்கரையில் அவர்கள் ஆடிய திடலை ஊர்மக்கள் ஆங்கிலேயர் திடல் என்றே அழைத்தார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற குகன்ஹைம் அருங்காட்சியகம் நிற்பது அந்தப் பகுதியில்தான். இன்னொரு பக்கம், வசதியுள்ள பில்பாவோ குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பின. அவர்களும் பந்தோடுதான் திரும்பி வந்தார்கள். இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்த இடத்தில் 1898-இல் கிளப் பிறந்தது. அதன் பெயர் ஸ்பானிய மொழியில் 'அத்லெதிகோ' என்று இல்லாமல் ஆங்கில ஒலியோடு 'அத்லெதிக்' என்று இருப்பதற்கும் காரணம் இதுதான்.

சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கும் இங்கிலாந்தோடு தொடர்பு உண்டு. தொடக்கத்தில் கிளப் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டைதான் அணிந்தது. 1909-இன் இறுதியில் புதிய சட்டைகள் வாங்க இங்கிலாந்துக்குப் போனவருக்கு அந்த நிறத்தில் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஊர் திரும்புவதற்கு முன் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903-இல் இந்தக் கிளப்பின் கிளையாகத் தொடங்கியதுதான் இன்றைய அத்லெதிகோ மாட்ரிட் என்பதால், அந்த அணிக்கும் அதே கோடுகள் போய்ச் சேர்ந்தன.

இனி இந்தக் கட்டுப்பாடு எப்போது, எதனால் வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அணியில் தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள் ஆடினார்கள், அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. 1911-ஆம் ஆண்டு மன்னர் கோப்பைப் போட்டியின்போது அத்லெதிக் இறக்கிய ஆங்கில வீரர்களின் தகுதி பற்றி எதிரணியினர் புகார் எழுப்ப, பெரும் சண்டை மூண்டது. அதற்குப் பிறகு கிளப் வெளிநாட்டவரை விட்டுவிட்டு உள்ளூர்க்காரர்களோடு ஆடத் தொடங்கியது. ஆக, இன்று ஒரு தத்துவமாகப் பேசப்படும் இந்தக் கட்டுப்பாடு ஒரு நிர்வாகத் தகராறில்தான் தொடங்கியது. அதற்கு நாட்டு உணர்வின் பொருள் பின்னால்தான் ஏறியது. ஏறியபின் இறங்கவே இல்லை.

அந்தப் பொருள் ஏறிய விதத்துக்கு ஒரு சான்று: 1936-இல் பாஸ்க் தன்னாட்சி அரசின் முதல் தலைவராகப் பதவியேற்ற ஹோசே அன்தோனியோ அகிர்ரே, இளமையில் அத்லெதிக் சட்டை அணிந்து ஆடியவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-இல் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் அழிந்தது, ஜூன் மாதம் பில்பாவோ, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வென்று பின்னர் சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. பாஸ்க் வீரர்களைக் கொண்ட ஓர் அணி போர் நிதி திரட்டவும் உலகத்தின் கவனத்தை ஈர்க்கவும் பிரான்சு, சோவியத் ஒன்றியம் என்று பல நாடுகளில் ஆடிவிட்டு, இறுதியில் மெக்சிக்கோ போய்ச் சேர்ந்து, அந்த நாட்டு லீக்கிலேயே ஒரு பருவம் ஆடி இரண்டாம் இடம் பிடித்தது. அதில் இருந்தவர்களில் பலர் ஊர் திரும்பவே இல்லை. 1930-களில் நான்கு முறை லீக் பட்டம் வென்றிருந்த அத்லெதிக், போர் முடிந்தபோது இளைஞர்களை வைத்துப் புதிதாக ஓர் அணியைக் கட்ட வேண்டியிருந்தது. 1941-இல் அயல்மொழிப் பெயர்கள் தடை செய்யப்பட்டதால் கிளப்பின் பெயரும் 'அத்லெதிகோ பில்பாவோ' என்று மாற்றப்பட்டது. பழைய பெயர் 1970-களில்தான் திரும்பியது.

பிராங்கோ இறந்து ஓராண்டு கடந்த நிலையில், 1976 டிசம்பர் 5 அன்று பாஸ்க் நாட்டின் சான் செபஸ்தியான் நகரின் அதோச்சா மைதானத்தில் நடந்ததைக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். அன்று அந்த ஊர் அணியான ரியல் சோசியேடாடும் அத்லெதிக்கும் மோதின. பாஸ்க் கொடியான இக்குர்ரின்யா அப்போதும் தடை செய்யப்பட்ட பொருள். அதைக் கையில் வைத்திருந்தாலே கைது செய்யலாம். சோசியேடாட் வீரர் ஒருவரின் சகோதரி வீட்டில் தைத்த கொடியைக் காவலர்களின் கண்ணில் படாமல் மைதானத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இரு அணிகளும் சுரங்க வழியிலிருந்து வெளியே வந்தபோது, சோசியேடாட் தலைவர் கோர்த்தபார்ரியாவும் அத்லெதிக் தலைவரான கோல்கீப்பர் இரிபாரும் அந்தக் கொடியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நடுத்திடலுக்கு எடுத்துச் சென்றார்கள். ஆட்டத்தில் சோசியேடாட் 5–0 என்று வென்றது. அடுத்த மாதமே கொடி மீதான தடை நீக்கப்பட்டது.

இதைப் படிப்பவர்கள் அத்லெதிக்கை ஓர் எதிர்ப்பு இயக்கமாக மட்டும் கற்பனை செய்துவிடக் கூடாது. பிராங்கோவின் பெயரிலேயே நடந்த கோப்பையைப் பலமுறை வென்ற அணியும் இதுதான். 1958-இல் தி ஸ்டெபானோ ஆடிய ரியல் மாட்ரிட்டை அவர்களுடைய சொந்த மைதானத்திலேயே 2–0 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்த அணியை 'பதினொரு பட்டிக்காட்டார்' என்று இன்றும் பெருமையோடு குறிப்பிடுகிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே பெரியவர் எழுதிய வரலாற்றுக்குப் பிறகு நான் சேர்க்க வேண்டியது நண்பரின் இன்னொரு கேள்வியைப் பற்றித்தான்: எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

முதல் விடை, லெசாமா. பில்பாவோவுக்கு வெளியே பச்சைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1971-இல் தொடங்கிய பயிற்சிக்கூடம் அது. பத்து வயதுப் பிள்ளைகளிலிருந்து முதல் அணிவரை ஒரே வளாகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். ஆனால் லெசாமாவை மட்டும் பார்த்தால் அரைப் படம்தான் தெரியும். அதற்குக் கீழே, பில்பாவோ இருக்கும் பிஸ்காயா மாகாணத்தின் ஊர்களிலும் பேட்டைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கிளப்புகளோடு அத்லெதிக்குக்கு ஒப்பந்தம் உண்டு. ஓர் ஊரில் நன்றாக ஆடும் சிறுவன் ஒருவன் கண்ணில் படாமல் போவது அங்கே ஏறக்குறைய நடக்காத காரியம். மேலே இளையோர் அணி, அதற்கு மேல் பஸ்கோனியா, அதற்கு மேல் பில்பாவோ அத்லெதிக் எனப்படும் இரண்டாம் அணி என்று படிகள் அமைந்திருக்கின்றன. மற்றப் பெரிய கிளப்புகளிலும் அகாடமி இருக்கிறது. ஆனால் அங்கே பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் முதல் அணிக்குத் தயாராகும் நேரத்தில் அவனுடைய இடத்துக்கு பிரேசிலிலிருந்து ஒருவரை வாங்கிவிடுவார்கள். லெசாமாவில் அந்த அச்சம் கிடையாது. வாங்குவதற்கு வெளியே ஆள் இல்லை என்பதாலேயே பயிற்சியாளர் இளைஞனை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கையாலேயே இளைஞன் வளர்கிறான்.

இரண்டாவது விடை பணம். அத்லெதிக்கை ஏழைக் கிளப் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் ஸ்பெயினின் தொழில்முறைக் கிளப்புகள் எல்லாம் பங்கு நிறுவனங்களாக மாற வேண்டும் என்றது. கடனில் மூழ்காமல் கணக்கு வைத்திருந்த நான்கு கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒசாசுனா, அத்லெதிக் ஆகிய அந்த நான்கும் இன்றும் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. அத்லெதிக்கின் உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். தலைவரைத் தேர்தலில் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஹோன் உரியார்த்தே 2022-இல் அப்படித் தலைவராக வந்தவர்தான். வெளியூர் முதலாளி ஒருவர் கிளப்பை வாங்கி, "இந்தப் பழைய கட்டுப்பாடெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போனதற்கு இந்த உடைமை முறைதான் காரணம்.

வீரர்களை விற்பதிலும் அவர்களுடைய வழி தனி. ஸ்பெயினில் ஒரு வீரர் தன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளக் கட்ட வேண்டிய தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பெரிய கிளப்புகள் விலை பேச வந்தால் அத்லெதிக் பேசவே மறுத்து, அந்தத் தொகையை முழுதாகக் கொண்டு வா என்று சொல்லிவிடும். 2012-இல் பயர்ன் மியூனிக் ஹாவி மார்த்தினெசுக்காக 4 கோடி யூரோ கட்டியது. 2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி லப்போர்த்துக்காக 6.5 கோடி கட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்சி கெப்பாவுக்காக 8 கோடி கட்ட, அது ஒரு கோல்கீப்பருக்கு அதுவரை உலகில் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய தொகையானது. வாங்குவதற்குச் சந்தை மிகச் சிறியது, விற்றால் முழு விலை கிடைக்கிறது என்னும்போது கல்லாவில் பணம் தங்குவதில் வியப்பில்லை. சட்டையின் முன்புறத்தில் நிரந்தர விளம்பரத்தை 2008 வரை அவர்கள் அனுமதிக்கவே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், அதை எண்ணால் அளக்க முடியாது. போகக்கூடியவர்கள் போகாமல் இருந்துவிடுகிறார்கள். 2025 கோடையில் நிக்கோ வில்லியம்ஸ் பார்சிலோனாவுக்குப் போவது உறுதி என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அத்லெதிக்கோடு 2035 வரை ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அதற்கு முந்தைய தலைமுறையில் ஹோசேபா எச்செபெர்ரியா தன் கடைசிப் பருவமான 2009–10 முழுவதும் சம்பளம் வாங்காமல் ஆடினார்.

இத்தனை இருந்தும் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 2006–07 பருவத்தில் கடைசி நாள் ஆட்டத்தில் லெவாந்தேயை வென்ற பிறகுதான் அணி 17-ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டு தப்பியது. அன்று தோற்றிருந்தால் நம் நண்பர் இந்தக் கேள்வியையே வேறு விதமாகத்தான் கேட்டிருப்பார்.

---

எதிர்ப்பக்கம் எழுதியது:

எனக்கு முன் எழுதிய இருவரும் அத்லெதிக்கின் மேல் உள்ள அன்பினால் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டியிருக்கிறார்கள் என்று மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கட்டுப்பாட்டின் விலையை அத்லெதிக் தனியாகக் கொடுப்பதில்லை. அண்டை ஊர்க் கிளப்புகளும் சேர்ந்தே கொடுக்கின்றன.

ரியல் சோசியேடாடை எடுத்துக்கொள்ளுங்கள். 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டம் வென்றது அவர்கள்தான். அடுத்த இரண்டு ஆண்டுகள் அத்லெதிக் வென்றது. தொடர்ந்து நான்கு பட்டங்கள் பாஸ்க் நாட்டிலேயே தங்கின, அப்போது சோசியேடாடும் உள்ளூர் வீரர்களை மட்டுமே ஆட வைத்தது. பிறகு என்ன நடந்தது? பாஸ்க் வீரர் ஒருவர் நன்றாக ஆடத் தொடங்கினால், பெரிய நகரமும் பெரிய கல்லாவும் கொண்ட அத்லெதிக் அவரை நாடி வரும். ஒரே குளத்தில் இருவர் வலை வீசும்போது பெரிய வலைக்காரன் கையில்தான் மீன் சிக்கும். 1989-இல் சோசியேடாட் தன் கட்டுப்பாட்டைக் கைவிட்டு லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கியது. அதை மனமாற்றம் என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வையில் அது கட்டாயம்.

அதோடும் முடியவில்லை. கணக்குப்பிள்ளை அவர்கள் பெருமையோடு குறிப்பிட்ட எச்செபெர்ரியாவே சோசியேடாடில் வளர்ந்தவர். 1995-இல், பதினேழு வயதில், 55 கோடி பெசெத்தா (அன்றைய ஸ்பானிய நாணயம்) விலையில் அத்லெதிக் அவரை எடுத்துக்கொண்டபோது இரு கிளப்புகளுக்கும் இடையில் உறவே முறிந்தது. சம்பளமில்லாமல் ஆடிய கதையை பில்பாவோவில் கேட்டால் கண்கலங்குவார்கள். சான் செபஸ்தியானில் கேட்டுப் பாருங்கள், வேறு முகம் காட்டுவார்கள். 2018 ஜனவரியில் லப்போர்த் போன சில மணி நேரத்திலேயே அத்லெதிக் என்ன செய்தது? அதே சோசியேடாடின் இன்யிகோ மார்த்தினெசுக்காக 3.2 கோடி யூரோவைக் கட்டியது. பெரிய கிளப்புகளிடம் "முழுத் தொகையைக் கொண்டு வா" என்று சொல்பவர்கள் அண்டை வீட்டுக்கு அதே தொகையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். மேலே சொன்ன ஹாவி மார்த்தினெசும் நவார்ரா மாகாணத்துக் கிளப்பான ஒசாசுனாவில் வளர்ந்து, பதினேழு வயதில் 60 லட்சம் யூரோவுக்கு வாங்கப்பட்டவர்தான். நவார்ரா மக்களில் பலருக்குத் தங்கள் மாகாணத்தை அத்லெதிக் தன் தோட்டமாகக் கருதுகிறது என்ற வருத்தம் இன்றும் உண்டு.

எனவே லெசாமாவின் புகழைப் பாடும்போது, முதல் அணியில் ஆடுபவர்களில் எத்தனை பேர் சிறு வயதிலிருந்தே அங்கு வளர்ந்தவர்கள், எத்தனை பேர் பக்கத்துக் கிளப்புகள் உருவாக்கிக் கொடுத்தவர்கள் என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் அத்லெதிக்கைக் குறை சொல்லவில்லை, விதிகளுக்குள் நின்றுதான் அவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் இதை எளியவன் வலியவனை எதிர்க்கும் கதையாக மட்டும் சொல்வது சோசியேடாடுக்கும் ஒசாசுனாவுக்கும் அலாவேசுக்கும் நியாயமாகாது.

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

எதிர்ப்பக்கம் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 2021 ஏப்ரல் 3 அன்று ஆளில்லா மைதானத்தில் நடந்த கோப்பை இறுதியாட்டத்தில் அத்லெதிக்கை 1–0 என்று வென்றது அதே சோசியேடாட்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நோய்த்தொற்றால் 2020-இலிருந்து தள்ளிப்போன ஆட்டம் அது. இரண்டு வாரம் கழித்து அடுத்த ஆண்டுக்கான இறுதியாட்டத்தில் பார்சிலோனாவிடம் 4–0 என்று மறுபடி தோல்வி. 1984-க்குப் பிறகு ஆறு கோப்பை இறுதியாட்டங்களில் தோற்ற பிறகுதான் 2024 ஏப்ரல் 6 வந்தது.

அன்று செவில்லா நகரில் மயோர்க்கா முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் சான்செட் சமன் செய்தார். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. ஒன்றைக் கோல்கீப்பர் அகிர்ரெசபாலா தடுத்தார், மயோர்க்காவின் இன்னொன்று வெளியே போனது, கடைசிப் பந்தை பெரெங்கேர் உள்ளே அடித்தார். ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் கணக்கில் இது 24-ஆவது கோப்பை. 1902-இல் வேறொரு பெயரில் வென்றதையும் சேர்த்து ஒன்று கூட்டிச் சொல்வார்கள் பில்பாவோக்காரர்கள்; அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

நண்பர் காணொளியில் பார்த்த படகுக்கு கபார்ரா என்று பெயர். ஆற்றில் சரக்கு ஏற்றிச் செல்லும் தட்டைப் படகு அது. 1983-இலும் 1984-இலும் பட்டம் வென்ற அணியை ஏற்றிச் சென்றது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஏற்ற யாரும் இல்லாமல் கிடந்தது. 2024 ஏப்ரல் 11 அன்று அது மறுபடி புறப்பட்டபோது, மூன்றரை லட்சம் பேர் வாழும் நகரத்தின் ஆற்றங்கரைகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் கூடியதாகச் செய்திகள் மதிப்பிட்டன. சான் மமேஸ் மைதானத்துக்கு நேராகப் படகு வந்ததும், இந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோன ரசிகர்களின் நினைவாக ஆற்றில் மலரிதழ்களைத் தூவினார்கள்.

மலர் என்றதும் இன்னொரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. சான் மமேஸ் 1913 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது அங்கே முதல் கோலைப் போட்டவர் ரபாயேல் மொரேனோ. குள்ளமாக இருந்ததால் அவருக்கு பிச்சிச்சி என்று பட்டப்பெயர். தலையில் வெள்ளைக் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஆடுவார். 1922-இல் இருபத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஸ்பெயின் லீக்கில் ஆண்டுதோறும் அதிகக் கோல் போடுபவருக்குத் தரப்படும் பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. சான் மமேசுக்கு முதல்முறையாக ஆட வரும் எந்த அணியும், எவ்வளவு பெரிய அணியானாலும், அதன் தலைவர் அவருடைய மார்பளவுச் சிலையின் முன் ஒரு மலர்க்கொத்தை வைத்துவிட்டுத்தான் ஆட இறங்குவார். பழைய மைதானத்தை இடித்து 2013-இல் புதியதைத் திறந்த பிறகும் சிலையைக் கொண்டுவந்து வைத்து வழக்கத்தைத் தொடர்கிறார்கள்.

---

மேற்குக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிர்ப்பக்கம் அவர்களின் பதிவைப் படித்தபிறகு நான் இந்தக் கதையைப் பார்த்த கோணம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. ஆனால் இனப் பாகுபாடு பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் நேராக விடை சொல்லவில்லை. யாரைப் பாஸ்க் என்று கொள்வது? பாட்டனார் பாஸ்க்காரராக இருந்து, பேரன் அர்ஜென்டினாவில் பிறந்திருந்தால் அவர் ஆடலாமா? வெளிநாட்டிலிருந்து குடியேறியவரின் பிள்ளை பில்பாவோவில் பிறந்திருந்தால்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நேராகவே சொல்கிறேன். பாட்டனார் கணக்கில் வரமாட்டார். குடியேறியவரின் பிள்ளை வருவார்.

கிளப் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல் இரண்டே. ஒன்று, ஏழு மாகாணங்களில் ஏதாவது ஒன்றில் பிறந்திருக்க வேண்டும்: பிஸ்காயா, கிப்புஸ்கோவா, ஆலவா, நவார்ரா ஆகிய நான்கும் ஸ்பெயினில், மற்ற மூன்றும் பிரான்சில். இல்லையென்றால், பாஸ்க் நாட்டுக் கிளப் ஒன்றில் கால்பந்து பயின்று வளர்ந்திருக்க வேண்டும். வம்சமும் குடும்பப் பெயரும் மொழியும் இந்த அளவுகோலில் இல்லை. முன்னோர் பாஸ்க்காரர் என்பதற்காக மட்டும் தென் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒருவரை அவர்கள் எடுப்பதில்லை. மாறாக, வெனிசுவேலாவில் பிறந்து சிறு வயதிலேயே பிஸ்காயாவுக்கு வந்து வளர்ந்த அமொரெபியெத்தா ஆடினார். ருமேனியாவில் பிறந்து சிறுவனாக பில்பாவோ பக்கம் குடிவந்து அங்கே ஆட்டம் கற்ற கானேயாவை 2018-இல் எடுத்தார்கள். மாட்ரிட்டில் பிறந்து பில்பாவோவில் வளர்ந்த ஆல்வாரோ ஜாலோ 2024-இல் வந்தார்.

பயிற்சியாளர்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் எப்போதும் இருந்ததில்லை. 1930-களின் பட்டங்களுக்கு அடித்தளம் போட்ட பிரெட் பென்ட்லேண்ட் ஆங்கிலேயர். 2012-இல் ஐரோப்பா லீக் இறுதியாட்டம்வரை கொண்டுபோன மார்செலோ பியெல்சா அர்ஜென்டினாக்காரர். 2024-இல் கோப்பை வென்றுதந்த எர்னெஸ்தோ வால்வெர்தேகூட ஸ்பெயினின் மேற்கிலுள்ள எஸ்த்ரெமதூராவில் பிறந்து, சிறு வயதில் பாஸ்க் நாட்டுக்கு வந்தவர்.

இவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், இந்த எல்லைக்கோடு எப்போதும் இதே இடத்தில் இருந்ததில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் பிஸ்காயாக்காரர்களையே பெரிதும் நம்பிய அணி இது. பிறகு வட்டம் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. பிரான்சுப் பக்கத்திலிருந்து முதலில் வந்தவர் பிசென்த் லிசராசு, அது 1996-இல்தான் நடந்தது. லப்போர்த்தின் கதையில் கோடு வளைவதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: பாஸ்க் நாட்டுக்கு வெளியே, அஜான் நகரில் பிறந்த அவரைப் பதினைந்து வயதில் பிரான்சின் பாஸ்க் பகுதியான பயோன் நகரக் கிளப்பில் ஒரு பருவம் ஆட வைத்துவிட்டு, அதன் பிறகு லெசாமாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். விதியை மீறவில்லை, விதிக்கு ஏற்றபடி அவரைத் தயாரித்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2025-இல் அவர் மறுபடி அத்லெதிக்குக்கே வந்து சேர்ந்தது தனிக் கதை.

இனப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் கறுப்பின வீரரான ஹோனாஸ் ரமால்யோ முதல் அணிக்கு ஆட 2011 வரை ஆயிற்று. குடியேற்றத்தால் பாஸ்க் நகரங்களின் முகம் மாறி வெகுகாலம் ஆன பின்னும் அணி மாறாமல் இருந்தது என்பதைக் கவனித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பிறகு வந்தவர்தான் இன்யாக்கி வில்லியம்ஸ். கானாவிலிருந்து புறப்பட்டு, சஹாராவின் ஒரு பகுதியை நடந்தே கடந்து, ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகரமான மெலிய்யாவின் எல்லை வேலியைத் தாண்டி வந்த தம்பதியின் மகன்; 1994-இல் பில்பாவோவில் பிறந்தார். தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பாஸ்க் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு வைத்தார்கள். 2015 பிப்ரவரியில் இத்தாலியின் தோரினோ அணிக்கு எதிராக அவர் போட்டது அத்லெதிக் வரலாற்றில் கறுப்பின வீரர் ஒருவரின் முதல் கோல். அதன் பின் 2016-லிருந்து 2023 வரை லீக்கில் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ச்சியாக 251 ஆட்டங்கள் ஆடினார். ஸ்பெயினில் அதுவே சாதனை. அண்ணன் கானா நாட்டுக்காக ஆடுகிறார். பம்ப்லோனாவில் பிறந்த தம்பி நிக்கோ ஸ்பெயினுக்காக ஆடி 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டார். பில்பாவோவில் இருவருக்கும் சட்டை ஒன்றுதான். மொராக்கோப் பெற்றோருக்கு வித்தோரியாவில் பிறந்த மரோவான் சன்னாதி 2025 ஜனவரியில் அணிக்கு வந்தபோது, அவர் பாஸ்க்காரரா என்று அங்கே பெரிதாக விவாதமே எழவில்லை. கோல் போடுவாரா என்றுதான் கேட்டார்கள்.

---

எதிர்ப்பக்கம் எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களின் கடைசிப் பதிவோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஒரே ஒரு சேர்க்கை: இதே கட்டுப்பாடு பெண்கள் அணிக்கும் பொருந்தும். 2002-இல் தொடங்கிய அந்த அணி தன் முதல் மூன்று பருவங்களிலும் லீக்கை வென்றது, இதுவரை மொத்தம் ஐந்து பட்டங்கள். 2019 ஜனவரியில் அத்லெதிகோ மாட்ரிட் பெண்கள் அணியோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு சான் மமேசில் 48,121 பேர் வந்திருந்தார்கள். ஆட்டத்தில் அத்லெதிக் தோற்றுவிட்டது. சோசியேடாட் பெண்கள் அணி அதே ஆண்டு அந்தக் கோப்பையை வென்றதையும், என் வழக்கப்படி, இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.